ஆழ்துளைக் கிணறு: போட்ட பணம் திரும்புமா?

ஆற்றில் போட்டாலும் அளந்து போட வேண்டும் என்பது பழமொழி. பூமிக்குள் போடும் பணத்துக்கு இது இன்னும் பொருந்தும். கோடையில் கிணறு வற்றியதும், நகையை அடகு வைத்தாவது ஆழ்துளைக் கிணறு போட்டுவிட வேண்டும் என்ற எண்ணம் விவசாயிக்கு எழுவது இயல்பே. பயிர் கண் முன்னே வாடும்போது கணக்குப் பார்க்க மனம் வராது. ஆனால், இரண்டு ஏக்கர் வைத்திருப்பவர் இந்த ஒரு செலவில் தவறினால் நிலத்தையே விற்கும் நிலை வரலாம். எனவே, துளையிடும் வண்டியை அழைக்கும் முன் கணக்கைப் போட்டுப் பார்த்துவிடுவது நல்லது.

நான்கு ஆண்டா, ஒன்பது ஆண்டா?

துளையிடுதல், கேசிங் குழாய், நீர்மூழ்கி மோட்டார், கேபிள், குழாய் எல்லாம் சேர்த்து 2 லட்சம் ரூபாய் செலவாகிறது என்று வைத்துக்கொள்வோம். கூடுதலாக ஒரு ஏக்கர் பாசனம் பெற்று, சாகுபடிச் செலவு போக ஆண்டுக்கு 50,000 ரூபாய் மிஞ்சுகிறது. நான்கே ஆண்டுகளில் போட்ட பணம் திரும்பிவிடும் என்பதுதான் பலரும் போடும் கணக்கு.

இதில் இரண்டு செலவுகள் விடுபட்டுப் போகின்றன. முதலாவது வட்டி. நூற்றுக்கு ஆண்டு வட்டி 12 ரூபாய் என்றால் முதல் ஆண்டில் வட்டி மட்டும் 24,000 ரூபாய். மிஞ்சும் 50,000 ரூபாயில் ஏறத்தாழ பாதி வட்டிக்கே போய்விடும். மீதிதான் அசலில் கழியும். இவ்வாறு கட்டி வந்தால் கடன் தீர ஏறக்குறைய 6 ஆண்டுகள் ஆகும்.

இரண்டாவது, தண்ணீர் கிடைக்காமல் போகும் வாய்ப்பு. ஓர் ஊரில் ஐந்து பேர் கிணறு போட்டு, மூவருக்குத் தண்ணீர் கிடைத்து, இருவருக்குப் புகை மட்டுமே வந்தது என்று கொள்வோம். தண்ணீர் கிடைத்த மூவரின் செலவு 6 லட்சம். கிடைக்காதவர்கள் மோட்டார் வாங்கவில்லை; ஆனாலும் துளையிட்ட செலவு ஆளுக்கு 1 லட்சம் வீண். ஆக மொத்தம் 8 லட்சம். ஆண்டு வரவோ 1½ லட்சம்தான். வட்டியுடன் கணக்கிட்டால் இந்த 8 லட்சம் திரும்ப 9 ஆண்டுகள் ஆகும். ஐந்தாம் ஆண்டு முடிவிலும் 4½ லட்சத்துக்கு மேல் பாக்கி நிற்கும். அந்த நேரத்தில் கிணறு வற்றினால் கடன் மட்டுமே மிஞ்சும்.

இங்கே சொன்ன தொகைகள் உதாரணத்துக்கு மட்டுமே. அவரவர் ஊர் விலையையும் வருமானத்தையும் வைத்து இதே முறையில் கணக்கிட்டுக்கொள்ள வேண்டும்.

பாறையின் குணம்

தமிழ்நாட்டின் பரப்பில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு கடினப் பாறைப் பகுதி. கோவை, ஈரோடு, சேலம், தருமபுரி போன்ற மாவட்டங்களில் மேலே உள்ள சிதைந்த பாறையிலும், அடியில் உள்ள வெடிப்புகளிலும்தான் தண்ணீர் தங்கும். இன்னும் ஆழம் போனால் இன்னும் தண்ணீர் கிடைக்கும் என்பது இங்கே நிச்சயமில்லை. ஆழத்துக்குப் போகப் போக வெடிப்புகள் பொதுவாகக் குறையும். அதோடு, ஒரே வெடிப்பிலிருந்து பக்கத்து வயல்காரரும் இறைத்தால் இருவர் கிணற்றிலும் தண்ணீர் குறையும். அவர் ஆழப்படுத்தினால் இவரும் ஆழப்படுத்த வேண்டும். இந்தப் போட்டியில் கையில் பணம் உள்ளவர் மூன்று முறை துளையிடுவார். சிறு விவசாயிக்கு அந்த வாய்ப்பு ஒரு முறைதான்.

இலவச மின்சாரத்தின் பலன் யாருக்கு?

இந்தப் போட்டிக்கு அரசின் கொள்கையும் ஒரு காரணம். 1970, 1972-ம் ஆண்டுகளில் கோவை வட்டாரத்தில் மின்கட்டணத்தை எதிர்த்து விவசாயிகள் நடத்திய போராட்டங்கள் நாடறிந்தவை. 1984-ல் சிறு விவசாயிகளின் பம்பு செட்டுகளுக்கு மின்சாரம் இலவசமாக்கப்பட்டது. பிறகு 1990-ல் எல்லா விவசாயிகளுக்கும் அது கிடைத்தது. 2003-ல் மீண்டும் கட்டணம் விதிக்கப்பட்டாலும், மறு ஆண்டே அது கைவிடப்பட்டது.

இதனால் நன்மை இல்லை என்று சொல்ல முடியாது. மின்கட்டணம் கட்ட முடியாத எத்தனையோ சிறு விவசாயிகள் இரண்டாம் போகம் எடுத்தது இதனால்தான். ஆனால் பலன் எல்லோருக்கும் ஒரே அளவில் போய்ச் சேரவில்லை. கிணறும் இணைப்பும் இல்லாத மானாவாரி விவசாயிக்கு இதில் ஒன்றுமில்லை. இணைப்பு உள்ளவர்களிலும், 100 அடியிலிருந்து இறைப்பவரைவிட 400 அடியிலிருந்து அதே அளவு தண்ணீர் இறைப்பவருக்கு ஏறத்தாழ நான்கு மடங்கு மின்சாரம் வேண்டும். ஆழமாகத் துளையிட வசதி உள்ளவருக்கே அரசின் பணம் கூடுதலாகப் போகிறது. இறைக்கச் செலவில்லை என்பதால் தண்ணீரைச் சிக்கனமாகப் பயன்படுத்தும் எண்ணமும் குறைந்தது. 2020-ம் ஆண்டு மதிப்பீட்டில், மாநிலத்தின் 1,166 பிர்காக்களில் 435 பிர்காக்கள் அளவுக்கு மீறி நீர் உறிஞ்சப்பட்டவை என்று கண்டறியப்பட்டது.

அரசின் முதலீட்டுக்கும் இதே கணக்குத்தான். சர்வதேச உணவுக் கொள்கை ஆராய்ச்சி நிறுவனம் 1999-ல் வெளியிட்ட ஓர் ஆய்வு, இந்தியக் கிராமங்களுக்காக அரசு செய்த பலவகைச் செலவுகளை ஒப்பிட்டுப் பார்த்தது. உற்பத்தியைப் பெருக்குவதில் வேளாண் ஆராய்ச்சியும், வறுமையைக் குறைப்பதில் கிராமச் சாலையும் முதலிடம் பெற்றன. நல்ல விதையும் சந்தைக்குப் போகும் சாலையும் கிணறு இல்லாதவருக்கும் பயன்படும் என்பது இங்கே கவனிக்கத்தக்கது.

துளையிடும் முன் செய்ய வேண்டியவை

1. சுற்று வட்டாரத்தில் கடந்த ஐந்து ஆண்டுகளில் போடப்பட்ட பத்துக் கிணறுகளைப் பற்றி விசாரிக்கவும். எத்தனையில் தண்ணீர் வந்தது, எத்தனை அடியில் வந்தது, இன்று எத்தனை ஓடுகின்றன என்று எழுதிக்கொள்ளவும். பத்தில் ஐந்துகூட ஓடவில்லை என்றால் கடன் வாங்கித் துளையிடுவது கூடாது.

2. தேங்காயையும் குச்சியையும் மட்டும் நம்ப வேண்டாம். வேளாண்மைப் பொறியியல் துறையினர் குறைந்த கட்டணத்தில் மின்தடை முறையில் நிலத்தடி நீரை ஆய்வு செய்து தருகின்றனர்.

3. இருக்கும் தண்ணீரை முதலில் மிச்சப்படுத்தவும். சொட்டு நீர்ப் பாசனத்துக்குச் சிறு, குறு விவசாயிகளுக்கு அரசு நிர்ணயித்த செலவுத் தொகையில் நூறு சதவீதமும், மற்றவர்களுக்கு 75 சதவீதமும் மானியம் உண்டு. வட்டாட்சியரிடம் சிறு, குறு விவசாயி சான்று பெற்று, சிட்டா, அடங்கல், நில வரைபடத்துடன் வட்டார வேளாண்மை அல்லது தோட்டக்கலை அலுவலகத்தை அணுகலாம். கால்வாய் பறிக்கவும், கூடுதல் குழாய்க்கும், பராமரிப்புக்கும் கைக்காசு 20,000 ரூபாய் ஆகிறது. மிச்சமாகும் தண்ணீரில் கூடுதலாக அரை ஏக்கர் பாய்ந்து 25,000 ரூபாய் கிடைக்கிறது என்று கொண்டால், ஒரே ஆண்டில் போட்ட பணம் திரும்பிவிடும். வடிகட்டியை ஒழுங்காகச் சுத்தம் செய்யாவிட்டால் குழாய் அடைத்து இந்தக் கணக்கும் பொய்க்கும்.

4. மிச்சமான தண்ணீரில் கரும்பு, வாழை என்று இறங்கினால் கிணறு மீண்டும் வற்றும். குறைந்த நீரில் விளையும் காய்கறி, பயறு, எண்ணெய் வித்துகளே இத்தகைய கிணற்றுக்கு ஏற்றவை.

5. வெளியார் கடனுக்கு முன் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தை அணுகவும். அங்கு பெறும் பயிர்க் கடனைத் தவணை தவறாமல் கட்டினால் வட்டி இல்லை. பயிர்க் கடனைப் பயிருக்கே செலவிட வேண்டும். அதை எடுத்துக் கிணற்றில் போட்டால் பயிருக்கு உரமிடப் பணம் இராது.

கிணறு தனியார் சொத்தாக இருக்கலாம். அதன் அடியில் ஓடும் தண்ணீர் ஊருக்கே பொது. ஏரியைத் தூர்வாரினாலும் ஓடையில் தடுப்பணை கட்டினாலும் அதன் பலன் சுற்றியுள்ள எல்லாக் கிணறுகளுக்கும் போய்ச் சேரும். கிராம சபை கூடும்போது இந்தப் பணிகளைக் கேட்டுப் பெறுவது விவசாயிகளின் உரிமை. பத்துப் பேர் தனித்தனியே கடன் வாங்கிப் பாறையைத் துளைப்பதைவிட, பத்துப் பேரும் சேர்ந்து ஒரு தடுப்பணைக்கு மனுக் கொடுப்பது செலவில்லாத முதலீடு.