‘டக் டக்’ சத்தம் கேட்டால் ஃபார்மேட் பண்ணாதீங்க: பழைய டிசைன் கம்ப்யூட்டரைக் காப்பாற்றுவது எப்படி?

“தம்பி, டிசைன் கம்ப்யூட்டர் ஆன் ஆகலப்பா. உள்ளே டக்கு டக்குன்னு சத்தம் வருது. யாரையாவது கூப்பிட்டு விண்டோஸ் போட்டுடவா?”

சென்னையிலோ பெங்களூரிலோ வேலை பார்க்கும் ஆரணிப் பிள்ளைக்கு அப்பாவிடமிருந்து இப்படி ஒரு போன் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். பதில் ஒன்றுதான்: “வேண்டாம்ப்பா. முதல்ல பிளக்கைப் பிடுங்குங்க.”

விண்டோஸ் எக்ஸ்பியை என்றைக்கு வேண்டுமானாலும் திரும்பப் போட்டுக்கொள்ளலாம். அந்த டிஸ்க்கில் இருக்கும் கரை, முந்தி, புட்டா டிசைன்கள் போனால் போனதுதான்.

தறிக்கும் கம்ப்யூட்டருக்கும் என்ன உறவு?

புவிசார் குறியீடு பெற்ற ஆரணிப் பட்டில் பூ விழ வைப்பது ஜக்கார்டு. அட்டையில் ஓட்டை இருந்தால் அந்த இழை மேலே தூக்கும். ஓட்டை இல்லையென்றால் கீழேயே நிற்கும். ஆமாம், ஒன்று, பூஜ்யம் கணக்கேதான். பிரான்ஸின் ஜோசப் மரி ஜக்கார்டு 1804இல் கொண்டுவந்த இந்த அட்டை முறையைப் பார்த்துதான், சார்லஸ் பாபேஜ் தன் கணிப்பொறித் திட்டத்தில் துளை அட்டைகளைச் சேர்த்தார். தறியிடம் வாங்கிய கடனைத் தறிக்கே திருப்பிக் கொடுத்தது போல, கிராஃப் தாளில் கட்டம் கட்டமாகப் போட்ட டிசைனைப் பிறகு கம்ப்யூட்டர் எடுத்துக்கொண்டது.

அந்தக் கம்ப்யூட்டரை ஏன் மாற்றவில்லை என்று கேட்கத் தோன்றும். சாஃப்ட்வேர் பழைய விண்டோஸில் மட்டும்தான் ஓடும். பின்பக்கம் பிரின்டர் போர்ட்டில் ஒரு சின்ன ‘லாக்’ செருகியிருக்கும். அது இல்லாமல் சாஃப்ட்வேர் திறக்காது. புது லேப்டாப்பில் அந்த போர்ட்டே கிடையாது. யுஎஸ்பி மாற்றி வாங்கினாலும் அது பெரும்பாலும் பிரின்டருக்குத்தான் உதவும். ஓடுகிற வண்டியை எதற்குக் கழற்றுவானேன் என்று விட்டுவிடுவார்கள். நியாயம்தான், டிஸ்க் சாகும்வரை.

உள்ளே என்ன நடக்கிறது?

ஹார்ட் டிஸ்க்கில் தட்டு நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 முறை சுற்றும். தலைமுடியின் தடிமனைவிடப் பல மடங்கு குறைவான இடைவெளியில் ஹெட் அதன்மேல் மிதக்கும். தடம் தெரியாதபோது ஹெட் பின்வாங்கி மறுபடி தேடும். அந்தத் தேடல்தான் ‘டக் டக்’. தட்டில் உரசிவிட்டால் மேல்பூச்சே போய்விடும். ஒவ்வொரு முறை ஆன் பண்ணுவதும் சீட்டாட்டம்தான்.

இந்த நிலையில் விண்டோஸ் போட்டால், புது ஃபைல்கள் பழைய டிசைன்கள் இருந்த இடத்தின் மேலேயே உட்காரும். ‘செக் டிஸ்க்’ ஓட்டுவதும் ஆபத்து. அது உங்கள் ஃபைலைக் காப்பாற்றாது. டிஸ்க்கின் கணக்கை மட்டும் சரிசெய்யும், கணக்கில் வராததை வெட்டிவிடும். ஃப்ரிட்ஜில் வைத்து எடுக்கும் வைத்தியமும் வேண்டாம், உள்ளே ஈரம் கோத்துக்கொள்ளும்.

முதலில் நகல்

டிஸ்க்கைக் கழற்றி, ஐடிஇ-யுஎஸ்பி அடாப்டர் வழியாக வேறு கம்ப்யூட்டரில் மாட்டுங்கள். 3.5 அங்குல டிஸ்க்குக்கு 12 வோல்ட் வேண்டும். தனி பவர் சப்ளை உள்ள அடாப்டராகப் பார்த்து வாங்குங்கள். லினக்ஸ் பென்டிரைவில் பூட் செய்து ‘டிடிரெஸ்க்யூ’வை ஓட்டுங்கள். இலவசம்தான். இது நன்றாக இருக்கும் பகுதிகளை முதலில் அள்ளிக்கொண்டு, கெட்ட இடங்களுக்குப் பிறகு திரும்பி வரும். எதுவரை வந்தோம் என்பதை ஒரு ‘மேப்’ ஃபைலில் எழுதிவைப்பதால், நடுவில் கரன்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். எது பழைய டிஸ்க், எது புதுசு என்று இரண்டு முறை பார்த்துவிட்டு என்டர் தட்டுங்கள். மாற்றிக் கொடுத்தால் வெற்று டிஸ்க் டிசைன் டிஸ்க்கின் மேல் ஏறிவிடும்.

சத்தம் நிற்காமல் வந்தால் இதையும் செய்யாதீர்கள். டேட்டா ரெக்கவரி லேபுக்குத்தான் போக வேண்டும், செலவு ஆகும்.

பிறகுதான் விண்டோஸ்

நகல் முழுதாகக் கிடைத்தால் அதை அப்படியே புது டிஸ்க்கில் இறக்கிப் பாருங்கள். ரீஇன்ஸ்டாலே தேவைப்படாமல் போகலாம். பழைய மெஷினில் காம்பாக்ட் ஃப்ளாஷ் கார்டை ஐடிஇ அடாப்டரில் மாட்டினால், டிஸ்க் போலவே ஓடும்.

புதிதாகத்தான் போட வேண்டுமென்றால், முதலில் சிடி டிரைவ் படிக்கிறதா பாருங்கள். அதுவும் அதே வயசுதானே! சாட்டா டிஸ்க் போட்டால் பயாஸில் ‘ஐடிஇ மோட்’ வையுங்கள். எக்ஸ்பிக்கு மற்ற மோடுக்கான டிரைவர் கிடையாது, நீலத் திரையில் நின்றுவிடும். தேதி தப்பாகக் காட்டினால் மதர்போர்டில் பட்டன் பேட்டரியை மாற்றுங்கள். எக்ஸ்பிக்கான மைக்ரோசாஃப்ட் ஆதரவு 2014 ஏப்ரல் 8ஆம் தேதியோடு முடிந்தது. எனவே அந்த மெஷினுக்கு இன்டர்நெட் கனெக்‌ஷன் வேண்டவே வேண்டாம்.

டிஸ்க்கில் ஒன்றுமே மிஞ்சவில்லையா? பரணில் ஏறிப் பாருங்கள். பழைய அட்டைக் கட்டு கிடந்தால், கயிற்றை அவிழ்க்காமல், வரிசை மாறாமல் ஒவ்வொன்றாக போனில் போட்டோ எடுங்கள். ஒவ்வொரு அட்டையும் டிசைனில் ஒரு வரி. ஓட்டைகளைப் பார்த்துக் கட்டங்களை மறுபடி நிரப்பிவிடலாம்.