பெருங்கதையின் யாப்பமைதி

பெருங்கதை என்பது கொங்குவேளிர் இயற்றிய காப்பியம். இவரது ஊர் விசயமங்கை. இன்று ஈரோடு மாவட்டத்தில் பெருந்துறைக்கு அருகிலுள்ள விசயமங்கலம். குணாட்டியர் பைசாச மொழியில் செய்த பிருகத்கதையின் வழிவந்த உதயணன் கதையை இது கூறுகிறது. உ. வே. சாமிநாதையர் 1924இல் இதைப் பதிப்பித்தார். நூலின் தொடக்கமும் முடிவும் கிடைக்கவில்லை.

சீவக சிந்தாமணி நான்கடி விருத்தங்களால் ஆனது. பெருங்கதையோ ஆசிரியப்பாவால், அதாவது அகவலால், ஆனது. ஒவ்வொரு காதையும் ஒரே நீண்ட பாட்டு. அடிதோறும் நான்கு சீர் வரும். ஈற்றயலடி முச்சீராய்க் குறைந்தால் நேரிசை ஆசிரியப்பா. எல்லா அடியும் நாற்சீராய் ஒத்து நின்றால் நிலைமண்டிலம். பெருங்கதை பின்னதைச் சார்ந்தது.

அகவலுக்கு உரியவை ஈரசைச் சீர்களே. மூவசைச் சீர் அருகியே வரும். 'உதயணன்' என்பதை உத/யணன் எனப் பிரித்தால் நிரை நிரை, கருவிளம். ஒரு சீரில் அடங்கிவிடும். 'வாசவதத்தை' அவ்வாறு அடங்காது. வா/சவ, தத்/தை என இரு சீராக, கூவிளமும் தேமாவுமாகப் பிரிய வேண்டும். காப்பியத் தலைவியின் பெயர் வந்தாலே பாதி அடி போய்விடும்! இங்கே விளமுன் நேர் வருவதால் தளை வெண்டளை. வெண்பாவுக்குரிய தளை அகவலில் வரலாமா என்று மாணவர் மயங்குவதுண்டு. வரலாம், அகவல் பிற தளைகளையும் ஏற்கும்.

தொடை நோக்கில், அடிகளின் இரண்டாம் எழுத்து ஒன்றும் எதுகையும், சீர்களின் முதலெழுத்து ஒன்றும் மோனையும் ஓசையைத் தாங்குகின்றன. கதை விரைந்து செல்ல வேண்டியிருப்பதால் எதுகையை எல்லா அடியிலும் எதிர்பார்க்கக் கூடாது.

இந்நூலின் தனிச்சிறப்பு காதையின் முடிவில் உள்ளது. காதைகள் 'என்' என்று னகர ஒற்றில் முடிகின்றன. தொல்காப்பியம் கூறும் எண்வகை வனப்புகளில் இவ்வாறு மெய்யெழுத்தில் முடியும் தொடர்நிலைச் செய்யுள் 'இயைபு' எனப்படும். பேராசிரியர் இதற்கு மணிமேகலையையும் கொங்குவேளிர் செய்த நூலையும் எடுத்துக்காட்டுகிறார். அடியிறுதி ஒன்றி வருவதாகிய இயைபுத் தொடை வேறு. பெயர் ஒன்றாயினும் இரண்டையும் குழப்பலாகாது.

சிதைந்த ஏட்டைப் படிப்பவருக்கு இவ்விலக்கணம் பெருந்துணை. விருத்தமாயின் நான்கடிக்கு ஒருமுறை எல்லை தெரியும். இடைவிடாது ஓடும் அகவலில் அந்த வசதி இல்லை; 'என்' என்ற முடிவே காதை முடிந்ததைக் காட்டும். ஓரடியில் மூன்று சீரே எஞ்சியிருந்தால் அழிந்தது ஒரு சீர் என்று கணக்கிடலாம். அது இன்ன சொல் என்று உறுதி சொல்ல யாப்பு மட்டும் போதாது. எதுகை இருக்குமிடத்தில் ஓரெழுத்துக்கேனும் குறிப்புக் கிடைக்கும்.