வாளை வைத்துவிட்டுத் தூரிகை எடுத்தவர்

ஜப்பானியரின் தேநீர் விருந்தில் ஒரு விசித்திரமான பழக்கம் உண்டு. 'மவாரிபனா' என்று பெயர். தட்டு நிறையப் பூவும் கிளையும் வைத்திருப்பார்கள். முதல் விருந்தாளி எழுந்து சென்று, தமக்குப் பிடித்த பூவை ஜாடியில் அமைத்துவிட்டு வந்து அமருவார். எல்லோரும் பார்த்து ரசிப்பார்கள். அடுத்தவர் போய் அதை எடுத்துவிட்டுத் தம்முடைய பூவை வைப்பார். அவர் வைத்ததை அதற்கடுத்தவர் எடுத்துவிடுவார்!

இந்தக் காட்சியை மரப்பலகை அச்சுச் சித்திரமாக்கியவர் தொயோஹாரா சிகனோபு. 1894 முதல் 1896 வரை வெளிவந்த 'சியோதாவின் அந்தப்புரம்' என்ற வரிசையில் அதுவும் ஒன்று. மூன்று தாள்களைப் பக்கம் பக்கமாகச் சேர்த்து வைத்துப் பார்க்க வேண்டிய படம். சியோதா என்பது டோக்கியோவில் ஷோகன் வாழ்ந்த கோட்டை. ஷோகன் ஆட்சி நடந்தவரையில் அந்த வீட்டு விஷயங்களைப் படமாக அச்சிடத் தடை இருந்தது.

சிகனோபுவுக்கு அந்தக் கோட்டை வெறும் கதையல்ல. 1838-இல் பிறந்த அவர் போர்வீரர் குலத்தவர். 1868-இல் ஷோகன் ஆட்சி கவிழ்ந்தபோது, அந்தக் கட்சிக்காக உயேனோவில் வாள் எடுத்துப் போரிட்டார். அடுத்த ஆண்டு வடகோடியில் ஹகோததேயில் நடந்த போரிலும் கலந்துகொண்டார். இரண்டிலும் தோல்விதான். வயிற்றுப் பிழைப்புக்குத் தூரிகையைப் பிடித்தவர், கால் நூற்றாண்டு கழித்து, மறைந்துபோன அந்தப்புரத்து மாதர்களைப் பூவும் கையுமாக உட்கார வைத்துவிட்டார்.

மலரலங்காரம் பெண்களின் கலை என்றே பலர் நினைக்கிறார்கள். ஆதியில் அப்படியில்லை. கியோத்தோ நகரின் ரொக்ககுதோ கோயிலில் புத்தருக்குப் பூ வைத்து வந்த துறவிகளின் வழியில் வளர்ந்தது அது. அந்த இகெனோபோ மரபைச் சேர்ந்த சென்கெய் என்பவரின் கைத்திறனைப் பற்றி 1462-ஆம் ஆண்டுக் குறிப்பு ஒன்று உள்ளது. வீரர்களும் பிரபுக்களும் விரும்பிப் பயின்றார்கள். மெய்ஜி காலத்தில், அதாவது சிகனோபு படம் தீட்டிய நாட்களில்தான், பெண்கள் பள்ளிகளில் அது பாடமாகப் பரவியது.

கலையின் நுணுக்கம் அபாரமானது. வானம், மனிதன், பூமி என்று மூன்று கிளைகள். அவை தண்ணீரிலிருந்து ஒரே தண்டாக எழுவது போலத் தோன்ற வேண்டும். நார்சிஸஸ் செடியின் அடியில் வெள்ளையாக ஓர் உறை இருக்கும். இலைகளை அதிலிருந்து பக்குவமாக உருவி, நீவிச் சீர்செய்து, மறுபடியும் அதே உறைக்குள் நுழைப்பார்கள். உறை கிழிந்தால் வேலை கெட்டது! தேநீர் அறைப் பூவுக்கு மட்டும் இவ்வளவு சட்டதிட்டம் கிடையாது.

அச்சு வேலையும் இதற்குச் சளைத்ததல்ல. ஓவியர் வரைந்த மெல்லிய தாளைச் செர்ரி மரப்பலகையில் குப்புற ஒட்டி, கோட்டை மட்டும் விட்டுவிட்டு மற்றதைச் செதுக்கி எடுப்பார் தச்சர். பலகையில் இடம் வலமாக மாறித் தெரியும் கிளை, தாளில் பதிந்ததும் சரியான பக்கத்துக்கு வந்துவிடும். ஒவ்வொரு வர்ணத்துக்கும் தனிப் பலகை. வசந்தத்தில் பூத்துக் குலுங்கும் மரம்தான் அங்கே பலகையாகக் கிடக்கிறது.

சிகனோபு 1912-இல் காலமானார். போட்டோவும் கல்லச்சும் மலிந்து, மரப்பலகை அச்சுக்காரர்களுக்கு வேலை அருகிக்கொண்டிருந்த காலம் அது. மூன்று தாள் படங்களைப் பிரித்துத் தனித்தனியாக விற்றுவிடுவதும் உண்டு. ஒரு தாளில் ஜாடி இருக்கும். அதைப் பார்த்துக்கொண்டிருக்கும் பெண் வேறொரு தாளில், வேறொரு வீட்டில் இருப்பாள்.