உணவும் பூசண நஞ்சும்

உழவர் பாடுபட்டு விளைவித்த தவசம் களத்திலிருந்து வீடு வந்து சேர்வதோடு அவர்தம் கவலை தீர்ந்துவிடுவதில்லை. அடுத்த அறுவடை வரையில் அதனைக் காத்தல் வேண்டும். எலி, அந்து, வண்டு முதலியன தவசத்தின் பகைகள் என்பதை யாவரும் அறிவர். அவற்றைக் கண்ணாற் காணலாம். அவை தின்று அழித்த அளவையும் கணக்கிடலாம். அவற்றினும் கொடிய பகை ஒன்று உண்டு. அது தவசத்தைத் தின்பதோடு அமையாமல், எஞ்சிய தவசத்தை நஞ்சாகவும் மாற்றிவிடும். அப்பகையே பூசணம்.

பூசணம் காளான் இனத்தைச் சேர்ந்தது. செடிகொடிகளைப் போலப் பச்சையம் பெற்றிராமையால், தனக்கு வேண்டிய உணவைத் தானே ஆக்கிக்கொள்ள அதனால் இயலாது. ஆதலின் பிற பொருள்களின்மேற் படர்ந்து அவற்றிலிருந்து உணவை உறிஞ்சுகின்றது. நூலினும் மெல்லிய இழைகளாகப் பரவிப் பொடி போன்ற நுண்வித்துகளைத் தோற்றுவிக்கின்றது. அவ்வித்துகள் காற்றிலும் மண்ணிலும் நிறைந்துள்ளன. ஈரமும் வெப்பமும் வாய்த்தவுடன் அவை முளைத்துவிடும்.

பூசணங்கள் அனைத்தும் தீமை செய்வன அல்ல. 1928ஆம் ஆண்டில் அலெக்சாண்டர் பிளெமிங் கண்டறிந்த பெனிசிலின் என்னும் மருந்து ஒரு பூசணத்தின் கொடையே ஆகும். ஜப்பானியர் சோயா மொச்சையைப் புளிக்கவைத்துச் சுவைநீர் ஆக்குவதும் ஒருவகைப் பூசணத்தின் துணைகொண்டே. ஆனால் அப்பூசணத்திற்கு மிக நெருங்கிய உறவுடைய மற்றொன்று கொடிய நஞ்சைச் சுரக்கின்றது. சுரையினத்திலே கறிச்சுரையும் உண்டு. பேய்ச்சுரையும் உண்டு அன்றோ?

இவ்விரண்டும் தோன்றிய குலத்தின் பெயர் அஸ்பெர்ஜில்லஸ் என்பது. மிக்கேலி என்னும் இத்தாலி நாட்டுப் பாதிரியார் 1729ஆம் ஆண்டில் இப்பெயரை இட்டார். உருப்பெருக்கியில் நோக்கியபோது அப்பூசணம், கத்தோலிக்கக் கோயில்களில் புனித நீர் தெளிக்கும் கருவியின் வடிவத்தைப் போலத் தோன்றியது. எனவே அக்கருவியின் இலத்தீன் பெயரைத் தழுவியே அதற்குப் பெயர் சூட்டினார். இக்குலத்தில் நஞ்சு சுரக்கும் வகைகளுள் தலையாயது அஸ்பெர்ஜில்லஸ் ஃப்ளேவஸ் எனப்படும். ஃப்ளேவஸ் என்னும் இலத்தீன் சொல்லுக்கு மஞ்சள் என்பது பொருள். மஞ்சளும் பச்சையும் கலந்த பொடியாக நிலக்கடலை, மக்காச்சோளம், பருத்திவிதை, மிளகாய் வற்றல் முதலியவற்றின்மேல் இது படர்வதுண்டு.

இப்பூசணம் நஞ்சுடையது என்னும் உண்மை 1960ஆம் ஆண்டிலேதான் வெளிப்பட்டது. அவ்வாண்டில் இங்கிலாந்து நாட்டுப் பண்ணைகளில் ஓர் இலட்சத்திற்கும் மேற்பட்ட வான்கோழிகள் சில மாதங்களுக்குள் மடிந்தன. நோய் இன்னதென்று எவருக்கும் விளங்கவில்லை. கணக்கில் அறியப்படாத எண்ணை எக்ஸ் என்னும் எழுத்தாற் குறிப்பது போல, அறிஞர்கள் அந்நோயை ‘வான்கோழி எக்ஸ் நோய்’ என்று குறித்தனர். ஒரு பறவையிடமிருந்து மற்றொரு பறவைக்குத் தொற்றும் கிருமி எதுவும் காணப்படவில்லை. பின்னர், நோயுற்ற பறவைகளின் தீவனத்தை ஆராய்ந்தனர். பிரேசில் நாட்டிலிருந்து வந்த நிலக்கடலைப் பிண்ணாக்கு அத்தீவனத்திற் கலந்திருந்தது தெரியவந்தது. அப்பிண்ணாக்கிலிருந்து பிரித்தெடுத்த சாரத்தை ஊட்டியபோது வாத்துக் குஞ்சுகளும் மடிந்தன. அச்சாரம் பூசணத்தால் உண்டான நஞ்சு என்பது ஐயமற விளங்கிற்று. பூசணத்தின் பெயரிலிருந்து சில எழுத்துகளை எடுத்து, நஞ்சு எனப் பொருள்படும் சொல்லோடு சேர்த்து, அதற்கு ‘அஃப்ளாடாக்சின்’ என்று பெயரிட்டனர்.

இந்நஞ்சு வியப்பான இயல்பு ஒன்றை உடையது. புற ஊதா ஒளியில் இது ஒளிவீசும். நீல நிறமாக ஒளிர்வதை ‘பி’ என்றும், பச்சை நிறமாக ஒளிர்வதை ‘ஜி’ என்றும் பிரித்துள்ளனர். பி1 என்பது இவற்றுள் மிகக் கொடியது. இந்நஞ்சு கலந்த தீவனத்தைப் பசு உண்டால், நஞ்சு அதன் உடலில் சிறிது மாற்றமடைந்து ‘எம்1’ என்னும் வடிவிற் பாலிலும் வந்துசேரும். ஆகவே, மனிதர் உண்ணத் தகாதது மாட்டுக்கு ஆகும் என்று எண்ணுதல் பெரும்பிழை. தொழுவத்தில் இட்ட நஞ்சு குழந்தையின் பாற்கிண்ணத்திற்கே திரும்பி வரலாம்.

பூசணம் பூத்த பொருளை நன்றாக வேகவைத்தால் தீங்கு நீங்கிவிடும் என்று கருதுவோர் பலர். வெப்பத்தால் பூசணம் இறந்துபடும் என்பது உண்மையே. ஆனால் அது முன்னரே சுரந்துவைத்த நஞ்சு இறப்பதற்கு உயிருள்ள பொருள் அன்று. நீர் 100 பாகை வெப்பத்தில் கொதிக்கின்றது. இந்நஞ்சோ 200 பாகைக்கும் மேற்பட்ட வெப்பத்திலேதான் முற்றும் சிதையும். வறுப்பதனால் ஒரு பகுதி குறையலாம், முழுவதும் நீங்காது. மேலே படர்ந்த பூசணத்தைத் துடைத்து எறிந்தாலும், உள்ளே ஊறிய நஞ்சு தங்கிவிடும். திருடன் ஓடிய பின்னும் அவன் வைத்த தீ எரிந்துகொண்டிருப்பது போன்றது இது.

வான்கோழிகளுக்கு நேர்ந்த தீங்கு மக்களுக்கும் நேரும் என்பதைப் பதினான்கு ஆண்டுகளுக்குப் பின்னர் இந்திய நாடே கண்டது. இராஜஸ்தான் மாநிலத்துப் பான்சுவாடா மாவட்டத்திலும், அதனையடுத்த குஜராத் மாநிலத்துப் பஞ்சமகால் மாவட்டத்திலும் வாழும் பழங்குடி மக்களுக்கு மக்காச்சோளமே முதன்மையான உணவு. 1974ஆம் ஆண்டில் அறுவடைக் காலத்தில் பருவம் தவறிய மழை பெய்தது. கதிர்கள் நனைந்தன, தவசத்தை நன்கு உலர்த்தவும் காக்கவும் வசதி இல்லை. அதனை உண்ட மக்களுக்குக் காய்ச்சலும் மஞ்சட்காமாலையும் கண்டன. வயிற்றில் நீர் கோத்து வீங்கும் மகோதர நோயும் விரைந்து தோன்றியது. கணக்கில் வந்த 397 நோயாளிகளுள் 106 பேர் உயிர் இழந்தனர். அவர்தம் வீட்டு உணவைத் தின்ற நாய்களும் அவ்வாறே நோயுற்று மடிந்தன.

ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தார் அச்சோளத்தை ஆராய்ந்தனர். நோயுற்றோர் நாள்தோறும் 2 முதல் 6 மில்லிகிராம் வரை நஞ்சை உட்கொண்டிருக்கலாம் என்று கணக்கிட்டனர். கேட்பதற்கு இது சிற்றளவாகத் தோன்றும். ஒரு மில்லிகிராமில் ஆயிரத்தில் ஒரு பங்கு மைக்ரோகிராம் எனப்படும். ஒரு கிலோகிராம் தவசத்தில் 15 மைக்ரோகிராமுக்கு மேல் இந்நஞ்சு இருத்தலாகாது என்பது இந்திய நாட்டு உணவு விதி. எனவே, 2 மில்லிகிராம் என்பது விதிக்கு உட்பட்ட தவசத்தில் 130 கிலோகிராமுக்கும் மேற்பட்ட அளவில் அடங்கத்தக்க நஞ்சாகும். அவ்வளவும் ஒருவர் உடலில் ஒரே நாளிற் சேர்ந்தது! அடுத்த ஆண்டில் அதே வீடுகளிலிருந்து எடுத்த தவசத்தில் நஞ்சு மிகக் குறைவாகவே இருந்தது; அவ்வாண்டில் நோயும் தோன்றவில்லை. வீடுகளும் அவையே, உணவும் அதுவே, தவசத்தின் நிலை ஒன்றே வேறுபட்டது.

இந்நஞ்சு தாக்கும் உறுப்பு கல்லீரல். பேரளவில் உட்சென்றால் சில வாரங்களில் உயிரைக் கவர்ந்துவிடும். சிற்றளவில் பல்லாண்டுகள் சேர்ந்தால் கல்லீரற் புற்றுநோயைத் தோற்றுவிக்கும். மஞ்சட்காமாலையை உண்டாக்கும் ‘பி’ வகைக் கிருமி ஒருவர் உடலில் முன்னரே தங்கியிருப்பின், இந்நஞ்சால் விளையும் கேடு பன்மடங்கு பெருகும். உடனே துன்பம் தோன்றாமையால், உண்பவர் ஐயுறுவதற்கும் இடமில்லாமற் போகின்றது.

இத்தகைய நஞ்சு உருவாகாமல் தடுப்பதே தக்க வழி. நிலக்கடலை முற்றும் காலத்தில் மழையின்றி நிலம் வறண்டால், வாடிய செடியின் காய்களுக்குள் பூசணம் எளிதிற் புகும். வெட்டுப்பட்ட காய்களும் பூச்சி துளைத்த காய்களும் அதற்குத் திறந்த வாயில்களாகும். ஆதலால் காய்களைப் புண்படாமற் பறித்து, உடைந்தவற்றை விலக்கி, வெயிலில் விரைந்து உலர்த்துதல் வேண்டும். நன்கு உலர்ந்த காயைக் குலுக்கினால் உள்ளே பருப்பு கலகலவென்று ஒலிக்கும். கடலைப் பருப்பில் ஈரம் நூற்றுக்கு 8 பங்குக்குள்ளும், மக்காச்சோளத்தில் நூற்றுக்கு 13 பங்குக்குள்ளும் இருப்பின் பூசணம் தலைகாட்டுவது அரிது. மூட்டைகளை வெறுந்தரையில் வைக்காமல் மரக்கட்டைகளின்மேல், சுவரைத் தொடாமல் அடுக்குதல் நன்று. கூரை ஒழுகாமலும் காற்று உலவும்படியும் சேமிப்பறை அமைதல் வேண்டும்.

சமைக்கும் முன்னர்ச் சொத்தைக் கடலையையும், சுருங்கிய பருப்பையும், நிறம் மாறியவற்றையும் பொறுக்கி எறிதல் வேண்டும். பழைய நாளிலிருந்து இல்லங்களில் முறத்திலிட்டுப் புடைத்து, கையாற் பொறுக்கும் வழக்கம் வெறும் தூய்மைக்காக மட்டும் ஏற்பட்டதன்று. உயிர்க் காப்பும் அதிலே அடங்கியிருக்கின்றது. பொறுக்கி எடுத்த சொத்தையைச் செக்குக்கோ தொழுவத்துக்கோ அனுப்பாமல் அழித்துவிடுதலே முறை.

எனினும் ஒன்றை மறத்தலாகாது. 1974ஆம் ஆண்டில் இறந்தோர் கெட்ட தவசத்தை விரும்பி உண்டவர் அல்லர். அதன் தீமை அவர்க்குத் தெரியாது. தெரிந்திருப்பினும், அதனை எறிந்துவிட்டு வேறு தவசம் வாங்கும் பொருள்வளம் அவர்களிடம் இல்லை. 2004ஆம் ஆண்டில் ஆப்பிரிக்காவிலுள்ள கென்யா நாட்டிலும் ஈரம் பட்ட மக்காச்சோளத்தால் 317 பேர் நோயுற்று, அவர்களுள் 125 பேர் மாண்டனர். அறிவு ஒன்றே அத்தகையோரைக் காத்துவிடாது. நல்ல சேமிப்புக் கிடங்குகளும், மழை கெடுத்த ஆண்டில் மாற்றுத் தவசமும் அவர்களுக்குக் கிடைத்தல் வேண்டும். தன் வீட்டுத் தவசத்தை உலர்த்திக் காப்பது ஒவ்வொருவர் கடமை. உலர்த்த இயலாதவர்க்கு நல்ல தவசம் கிடைக்கச் செய்வது நாட்டின் கடமை. இவ்விரண்டும் ஒருங்கே நிறைவேறும்போதுதான் உண்ணும் உணவு உயிர் வளர்க்கும் அமுதமாக நிலைபெறும்.