பல படிகளில் நிரப்பப்படும் படிவங்கள்

கணக்கெடுப்பு ஊழியர் ஒருவர் கிராமத்துக் குடும்பம் ஒன்றின் விவரங்களைக் கைப்பேசி வாயிலாகப் பதிவு செய்வதாகக் கொள்வோம். முதற் பக்கத்தில் குடும்பத் தலைவரின் பெயரும் முகவரியும். இரண்டாம் பக்கத்தில் நிலத்தின் பரப்பும் பாசன வசதியும். மூன்றாம் பக்கத்தில் பயிர்களின் விவரம். இரண்டாம் பக்கத்தை அனுப்பியதும் தொடர்பு அறுந்துவிடுகிறது. அதுகாறும் எழுதியவை என்னவாயின? தரவுத்தளத்தில் பாதி விவரம் மட்டும் ஏறிவிட்டதா? மீண்டும் தொடங்கினால் அதே குடும்பம் இருமுறை எண்ணப்படுமா? இத்தகைய படிவத்தை அமைப்போர் விடை காணவேண்டிய வினாக்கள் இவையே.

இவ்விடர்ப்பாட்டிற்குக் காரணம் வலையின் இயல்பேயாகும். சர்வர் ஒவ்வொரு வேண்டுகோளையும் தனித்தனியாகவே காண்கிறது. முந்தைய பக்கத்தை அனுப்பியவர் யார் என்பதைத் தானாக நினைவிற் கொள்வதில்லை. ஆகவே, இடைப்பட்ட விவரங்களை எங்கேனும் வைத்துக் காக்கவேண்டும்.

பைத்தான் மொழியில் வலைத்தளங்களை அமைக்க உதவும் ஜாங்கோ என்னும் கட்டமைப்பு, அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்து லாரன்ஸ் நகரச் செய்தித்தாள் அலுவலகமொன்றில் உருவாகி, 2005-ஆம் ஆண்டில் பொதுவில் வெளியிடப்பட்டது. பல படிப் படிவங்களுக்கான 'விசார்டு' என்னும் உறுப்பு முதலில் அதனுள்ளேயே இருந்தது. 2015-இல் வெளிவந்த 1.8 பதிப்பு முதல் 'ஃபார்ம்டூல்ஸ்' என்னும் தனித் தொகுப்பாக வழங்குகிறது.

இடைக்காலச் சேமிப்பு

விசார்டு இருவகையில் விவரங்களைக் காக்கும். 'குக்கி' முறையில் அவை பயனரின் கருவியிலேயே தங்கும். குக்கி முத்திரையிடப்படுவதால் அதில் திருத்தம் செய்தால் தெரிந்துவிடும், ஆயினும் உள்ளடக்கம் மறைக்கப்படுவதில்லை, கொள்ளளவும் சிறிது. 'செஷன்' முறையில் விவரங்கள் சர்வரிடம் இருக்கும். பயனரிடம் அடையாளச் சீட்டுப் போன்ற ஓர் எண்குறி மட்டும் இருக்கும். வேறு ஏற்பாடு செய்யாவிடின் செஷன் இரண்டு வாரங்கள் நிலைக்கும். குடும்ப விவரங்களுக்கு இதுவே ஏற்றது.

இங்கு ஒன்றைக் கவனித்தல் வேண்டும். சாதாரண விசார்டின் பக்கத்தைப் புதிதாகத் திறந்தால் பழைய விவரங்கள் அழிந்து முதற்படியே தோன்றும். ஒவ்வொரு படிக்கும் தனி முகவரி தரும் விசார்டு வகையில் அவை அழிவதில்லை. ஊழியர் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். எனினும், அனுப்பப்படாத பக்கத்தில் எழுதியது எம்முறையிலும் காக்கப்படாது.

நிலமற்ற குடும்பத்திற்கு இரண்டாம், மூன்றாம் பக்கங்கள் வேண்டா. முதற் பக்கத்தின் விடையைக் கொண்டு ஒரு படியைத் தவிர்க்கும் நிபந்தனையையும் விசார்டில் அமைக்கலாம்.

இறுதிப் பதிவு

ஒவ்வொரு படியும் அனுப்பப்படும்போதே சோதிக்கப்படுகிறது. கடைசிப் படி முடிந்ததும் எல்லாப் படிவங்களும் மீண்டும் சோதிக்கப்படும். பிழையிருப்பின் அப்படிக்கே பயனர் திருப்பப்படுவார். பிழையில்லையெனில் 'டன்' என்னும் செயற்பகுதி இயங்கும். தரவுத்தளத்தில் எழுதுவது இங்குதான் நிகழவேண்டும். படிதோறும் எழுதினால், இடையில் கைவிடப்பட்ட ஒவ்வொரு படிவமும் அரைகுறைப் பதிவாக நின்றுவிடும்.

முதலில் குடும்பத்தைப் பதிந்து அதன் எண்ணைப் பெறவேண்டும். பின்னரே நிலத்தையும் பயிரையும் அதனுடன் இணைத்துப் பதியலாம். இம்மூன்றையும் 'அட்டாமிக்' என்னும் ஒரே நடவடிக்கைக்குள் அடக்கவேண்டும். அங்ஙனம் செய்தால், பயிர்ப் பதிவில் தவறு நேரின் முன்னிரு பதிவுகளும் நீங்கிவிடும். ஒன்று முழுவதும் ஏறும், அன்றேல் எதுவும் ஏறாது.

எஞ்சுவது இரட்டைப் பதிவு. பொத்தானை இருமுறை அழுத்துவோர் உளர். குடும்ப அட்டை எண் போன்ற ஒரு புலம் இருமுறை வரலாகாது என்று தரவுத்தளத்திலேயே விதித்துவிட்டால் இரண்டாம் பதிவு ஏற்கப்படாது.

மொத்தக் கணக்கில் காணும் பிழை பலவேளைகளில் கூட்டலில் நேர்வதன்று. பதிவின் தொடக்கத்திலேயே புகுவது. மாணவர்க்கு இதனைக் கற்பிக்கும் ஆசிரியர், நடுவில் ஒருமுறை தொடர்பைத் துண்டித்துத் தரவுத்தளத்தைத் திறந்து காட்டுவாராயின், மேற்கூறிய விதிகளின் தேவை எளிதில் விளங்கும்.