இடக்காலுக்கு ஓய்வு

புனேயிலிருந்து நாசிக் செல்லும் நெடுஞ்சாலையில் போசரியையும் மோஷியையும் கடந்தபின் வருகின்ற சாகண் என்னும் ஊர், 1660-ஆம் ஆண்டில் மொகலாயத் தளபதி சாயிஸ்தகானின் பெருஞ்சேனையை ஏறக்குறைய இரண்டு மாதம் எதிர்த்து நின்ற, சிவாஜியின் தளபதி பிரங்கோஜி நர்சாளா காத்த கோட்டையாலும், பிற்காலத்தில் வெங்காயச் சந்தையாலும் பிரசித்தி அடைந்திருந்தது. இப்பொழுதோ மோட்டார் வாகனமே அவ்வூரின் பிரதான விளைபொருள். பஜாஜ், மெர்சிடிஸ்-பென்ஸ், மஹிந்திரா ஆகிய கம்பெனிகளுக்கும், 2009-இல் அங்கே ஆலை திறந்த ஃபோக்ஸ்வாகனுக்கும் அது இருப்பிடம். ஷிப்டு மாறும் வேளையில் தளேகாவ் சௌக்கில் அகப்பட்டுக்கொண்டு, கிளட்சை மிதிப்பதும் விடுவதுமாக அரை பர்லாங்கு தூரத்தைக் கடந்து பார்த்தவருக்கு, ஆட்டோமேட்டிக் கார் எதற்காக உண்டாயிற்று என்று எவரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

ஆயினும், வருஷக்கணக்காகக் கியர் போட்டு ஓட்டிய சொந்த வண்டியை விட்டுவிட்டு, நண்பருடையதோ வாடகைக்கு எடுத்ததோ ஆன ஓர் ஆட்டோமேட்டிக் காரில் முதன்முதலாக உட்காருகிறவருக்கு, அது சௌகரியத்தைக் காட்டிலும் ஒருவிதத் திகைப்பையே முதலில் தருகிறது. காரணம், ஆட்டோமேட்டிக் என்ற ஒரே பெயரில் வழங்குகின்றவை ஒரே யந்திரம் அல்ல என்பதுதான். சாகணில் உள்ள ஃபோக்ஸ்வாகன் ஆலையிலேயே இதற்கு நல்ல திருஷ்டாந்தம் இருக்கிறது. 2021-இல் வெளிவந்த டைகனும் அடுத்த ஆண்டு வெளிவந்த விர்டஸும், ஒரு லிட்டர் எஞ்சினோடு வாங்கினால் ஆறு கியர் கொண்ட டார்க் கன்வெர்ட்டர் பெட்டியுடனும், ஒன்றரை லிட்டர் எஞ்சினோடு வாங்கினால் ஏழு கியர் கொண்ட இரட்டைக் கிளட்சுப் பெட்டியுடனும், இவை இரண்டும் வேண்டாம் என்பவருக்குச் சாதாரணக் கியருடனும் அறிமுகமாயின. வெளித்தோற்றத்தில் ஒரே வண்டிதான். ஆனால் உள்ளே இருக்கும் சுபாவம் மூன்று.

பெட்ரோல் எஞ்சினுக்கு ஒரு பலவீனம் உண்டு. நிமிஷத்துக்கு எழுநூறு எண்ணூறு சுற்றுகளுக்கு வெகுவாகக் கீழே இறங்கினால் அது உயிர் தரியாது. சக்கரமோ நின்ற நிலையிலிருந்து புறப்பட வேண்டியது. சுழன்றுகொண்டே இருக்க வேண்டிய ஒன்றையும் அசையாமல் நிற்கின்ற ஒன்றையும் உடையாமல் இணைத்து வைக்கும் காரியத்தைத்தான் நம் வண்டியில் கிளட்ச் செய்கிறது. அதைச் செய்விப்பது நம் இடக்கால். இந்தக் காரியத்தை எண்ணெயிடம் ஒப்படைக்கலாம் என்று கண்டவர் ஹெர்மன் ஃபெட்டிங்கர் என்ற ஜெர்மானியர். வேகமாகச் சுழலும் நீராவி டர்பைனை மெதுவாகச் சுழல வேண்டிய கப்பல் விசிறியோடு இணைப்பதற்காக அவர் 1905-இல் காப்புரிமை பெற்ற யுக்தியே டார்க் கன்வெர்ட்டரின் மூலம். எண்ணெய் நிரம்பிய ஒரு வட்டக் கூட்டுக்குள் எஞ்சினோடு பிணைந்த பம்பு ஒரு புறமும், கியர் பெட்டியோடு பிணைந்த டர்பைன் எதிர்ப்புறமும் இருக்கின்றன. பம்பு வீசியெறியும் எண்ணெய் டர்பைனைத் தள்ளுகிறது. தள்ளிவிட்டுத் திரும்பும் எண்ணெயை நடுவில் உள்ள ஸ்டேட்டர் என்னும் சிறு சக்கரம் திசை மாற்றிப் பம்புக்கு அனுகூலமாக அனுப்புவதால், புறப்படும் வேளையில் எஞ்சினின் முறுக்கு விசை ஏறக்குறைய இரண்டு மடங்காகப் பெருகுகிறது. வேகம் பிடித்தபின் எண்ணெய் நழுவுவதால் சக்தி வீணாகாதபடி, பூட்டுக் கிளட்ச் ஒன்று இரு புறங்களையும் நேரே இணைத்துவிடுகிறது. ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி 1940-ஆம் ஆண்டு மாடல் ஓல்ட்ஸ்மொபில் காருக்காக அறிமுகம் செய்த ஹைட்ராமாட்டிக் பெட்டியில் எண்ணெய் இணைப்பு மட்டுமே இருந்தது. முறுக்கைப் பெருக்கும் வித்தை பயணக் கார்களுக்கு வந்து சேர மேலும் சில ஆண்டுகள் சென்றன.

இரட்டைக் கிளட்சுப் பெட்டியின் வழி வேறு. ஒன்று, மூன்று, ஐந்து, ஏழாம் கியர்களுக்கு ஒரு கிளட்சும், இரண்டு, நான்கு, ஆறுக்கு மற்றொன்றுமாக இரண்டு கிளட்சுகள் அதில் வேலை செய்கின்றன. கல்யாணப் பந்தியில் சாம்பார்க்காரர் ஊற்றிக்கொண்டிருக்கும்போதே அவர் முதுகுக்குப் பின்னால் ரசவாளியோடு இன்னொருவர் தயாராக நிற்பதைப் போல, நாம் மூன்றாவதில் ஓடும்போதே நான்காவது கோக்கப்பட்டுக் காத்திருக்கிறது. ஒரு கிளட்ச் விடும் கணத்தில் மற்றது பிடிக்கிறது. ஓடும் வண்டியில் இதற்கு ஈடான மாற்றம் எனக்குத் தெரிந்து வேறில்லை. ஆனால் மேலே சொன்ன டைகன், விர்டஸ் வண்டிகளின் ஏழு கியர்ப் பெட்டியில் உள்ளவை எண்ணெயில் மூழ்காத உலர் கிளட்சுகள். நெரிசலில் அங்குலம் அங்குலமாக நகரும்போது அவை உரசி உரசிச் சூடேறுகின்றன, அந்தச் சூட்டை ஏந்திச் செல்ல எண்ணெய் இல்லை. ஆகவே இந்த வண்டியைத் தளேகாவ் சௌக்கில் ஓட்டுகிறவர், முன்வண்டி ஒரு முழம் நகர்ந்தவுடன் தாமும் ஒரு முழம் நகராமல், சற்று இடைவெளி விழவிட்டு ஒரே மூச்சில் நகர்ந்து நிற்பது உத்தமம். பின்னால் ஹாரன் ஒலிக்கத்தான் செய்யும்.

2014-இல் மாருதி செலேரியோ மூலம் இந்நாட்டில் பரவிய மூன்றாவது வகை ஆட்டோமேட்டிக், சாதாரணக் கியர் பெட்டியேதான்; கிளட்சை மிதிக்கவும் கியரை மாற்றவும் காலுக்கும் கைக்கும் பதிலாக ஒரு யந்திரச் சாதனம் அமர்த்தப்பட்டிருக்கிறது, அவ்வளவே. மலிவானது, மைலேஜ் கொடுப்பது. ஆனால் ஒவ்வொரு மாற்றத்தின்போதும் வண்டி தலையை ஆட்டும். மாறும் தருணத்தில் ஆக்ஸிலரேட்டரைச் சற்றுத் தளர்த்தினால் அந்த ஆட்டம் பெரும்பாலும் அடங்கிவிடும்.

எந்த வகையானாலும், புதிதாக ஓட்டுகிறவர் முதலில் அடக்க வேண்டியது தம் இடக்காலை. அடிவரை ஒரே மிதியாக மிதித்தே பழகிய பாதம் அது. மிருதுவாக அழுத்தும் வித்தையை அது கற்றதே இல்லை. வண்டி நிற்கப்போகிறது என்று கண்டவுடன் அனிச்சையாக அது கிளட்சைத் தேடி நீண்டு, அகலமாக அமைந்த பிரேக்கின் மீது விழுமானால், வண்டி நட்ட நடுச்சாலையில் குத்திட்டு நிற்கும். ஆகவே இடக்காலைப் பக்கத்தில் உள்ள ஓய்வுப் பலகையில் வைத்துவிட்டு, இரண்டு மிதிகளையும் வலக்காலாலேயே ஆள வேண்டும்.

அடுத்தது, பிரேக்கை விட்டவுடன் வண்டி தானாக ஊரும் குணம். கியர்க் கோலை டி (ஓட்டம்) என்ற எழுத்தில் வைத்த வண்டி நிற்பது பிரேக்கின் பிடியால் மட்டுமே. சொந்த வண்டியை நியூட்ரலில் விட்டுப் பின்சீட்டுப் பையைத் துழாவும் வழக்கம் உடையவர்கள் அதை இங்கே கைவிட வேண்டும். சரிவில் நிறுத்தும்போது முதலில் ஹேண்ட்பிரேக்கைப் போட்டு, வண்டியின் பாரம் அதன்மேல் அமர்ந்தபின் பி (நிறுத்தம்) எழுத்துக்கு மாற்றுவதே முறை. பி நிலையில் வண்டியைப் பிடித்திருப்பது ஒரு பல்சக்கரத்தில் விழுந்து கொள்ளும் சிறு இரும்புக் கொண்டி. முழுப் பாரத்தையும் அதன்மேல் ஏற்றுவது நியாயமன்று.

சாகணிலிருந்து ஷிக்ராப்பூர் செல்லும் சாலையில் கன்டெய்னர் லாரியை முந்த நினைப்பவருக்கு இன்னொரு வித்தியாசம் புலப்படும். தம் வண்டியில் அவர் முன்கூட்டியே மூன்றாவதுக்கு இறக்கிக்கொண்டு காத்திருப்பார். ஆட்டோமேட்டிக்கோ, ஆக்ஸிலரேட்டர் முழுக்க மிதிபட்ட பிறகுதான் அவருடைய நோக்கத்தை ஊகித்துக் கியரை இறக்குகிறது. அந்த ஒரு கணத் தாமதத்தைக் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும். கண்டாலா மலைச்சாலையில் இறங்கும்போதும் இவ்வாறே: பெட்டி தன் இஷ்டத்துக்கு மேல் கியருக்குப் போய்விட்டால் எஞ்சினின் பிடிப்புத் தளர்ந்து, பிரேக்குகள் தனியாக உழைத்துச் சூடேறும். கையால் கியர் தேர்ந்தெடுக்கும் நிலைக்கு மாற்றி, கீழ்க் கியரில் இறங்குவது அவசியம். நியூட்ரலில் உருட்டிச் செல்வது எந்த வண்டியிலும் அபாயம்.

இத்தனைக்கும் பிறகு, கியர் மாற்றமே இல்லாத வண்டிகளும் சாகணிலிருந்து புறப்படத் தொடங்கிவிட்டன. 2024 நவம்பரில் சென்னையில் வெளியிடப்பட்டு, சாகணில் தயாராகும் மஹிந்திராவின் பிஇ 6, எக்ஸ்இவி 9இ என்னும் மின்சாரக் கார்களில், நின்ற நிலையிலிருந்தே முழு முறுக்கு விசையையும் தருகிற மோட்டார் இருப்பதால், கிளட்சும் வேண்டியதில்லை, மாற்றுவதற்குப் பல கியர்களும் வேண்டியதில்லை. ஆனால் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தவுடன் மோட்டாரே மின்னாக்கியாக மாறிப் பேட்டரிக்குச் சக்தியைத் திருப்பி அனுப்புவதால், வண்டி உருண்டு செல்லாமல் வேகம் குறைகிறது. ஒற்றை மிதி முறையைத் தேர்ந்தெடுத்திருந்தாலோ, பிரேக்கைத் தொடாமலே நின்றுவிடுகிறது. இந்த வேகக்குறைவு எவ்வளவு கடுமையாக இருக்க வேண்டும் என்பதை ஒவ்வொருவரும் தம் விருப்பப்படி அமைத்துக்கொள்ளலாமாகையால், பிறர் வண்டியை வாங்கி ஓட்டுகிறவர் சாவியைப் பெறும்போதே அது எந்த நிலையில் வைக்கப்பட்டிருக்கிறது என்று கேட்டு, ஜனநடமாட்டமில்லாத ஒரு தெருவில் இரண்டு முறை நிறுத்திப் பார்த்துவிட்டு நெடுஞ்சாலை ஏறுவது நல்லது.