கடையில் கிடைக்காத பாகத்தை வீட்டிலேயே வார்க்கலாம்! பழைய பியட், பத்மினி கார்களுக்கு மறுவாழ்வு

மும்பை நகரின் அடையாளமாக விளங்கிய கறுப்பு-மஞ்சள் பத்மினி டாக்சிகள் 2023-ம் ஆண்டு அக்டோபர் மாதக் கடைசியில் தெருவிலிருந்து விடைபெற்றன. டாக்சி 20 ஆண்டுகளுக்கு மேல் ஓடக்கூடாது என்பது விதி. கடைசி பத்மினி டாக்சி பதிவானது 2003-ம் ஆண்டில். அதன் ஆயுள் அத்துடன் முடிந்தது.

டாக்சிதான் போயிற்றே தவிர, பத்மினி கார் அடியோடு மறைந்துவிடவில்லை. சொந்த வண்டியாக வைத்திருப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அப்பா வாங்கிய கார், தாத்தா ஓட்டிய கார் என்று துணி போட்டு மூடி வைத்திருப்பவர்கள் உண்டு. இன்ஜினைப் பழுது பார்க்க மெக்கானிக் கிடைக்கிறார். பாடியில் துரு பிடித்தால் வெல்டிங் வைக்கலாம். ஆனால் கியர் கம்பியின் குமிழ் உடைந்தால்? பின் விளக்கின் சிவப்பு மூடி நொறுங்கினால்? அங்கேதான் வண்டிக்காரர் திண்டாடுகிறார்.

குர்லாவில் பிறந்த வண்டி

வால்சந்த் ஹீராசந்த் 1944-ல் தொடங்கிய பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் கம்பெனியின் குர்லா தொழிற்சாலையில் உருவான வண்டி இது. இத்தாலியின் பியட் 1100 கார்தான் இதன் மூலம். 1972-ல் 'பிரீமியர் பிரசிடெண்ட்' என்றும், 1974-ல் 'பிரீமியர் பத்மினி' என்றும் பெயர் மாறியது. 2000-ம் ஆண்டை ஒட்டி உற்பத்தி நின்றது. வண்டி நின்றதும் உதிரி பாகமும் நின்றது. கைவசம் இருந்த சரக்கு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்தது.

டிராம்பே பகுதிக்கு பிளாஸ்டிக் புதிதல்ல. நாப்தாவிலிருந்து பிளாஸ்டிக்கின் மூலப்பொருளைப் பிரித்தெடுக்கும் இந்தியாவின் முதல் ஆலையை 1960-களில் யூனியன் கார்பைடு கம்பெனி இங்கேதான் அமைத்தது. அணு ஆராய்ச்சி நிலையத்தை ஒட்டியிருந்த ஜனதா காலனியிலிருந்து 1976-ல் அகற்றப்பட்ட மக்கள் சீட்டா கேம்ப்பில் குடியமர்த்தப்பட்டார்கள். அவர்களில் தமிழர்கள் ஏராளம். தாராவியிலோ பழைய பிளாஸ்டிக்கைத் தரம் பிரித்து, அரைத்து, மணியாக்குவது பெரிய தொழில். கை மோல்டிங் மெஷினில் வேலை பார்த்த நம்மவர்கள் பலர். அந்தக் கைப்பழக்கம் இந்த வேலைக்கு நல்ல மூலதனம்.

கம்பெனி ஏன் செய்வதில்லை?

தொழிற்சாலையில் பிளாஸ்டிக் பாகம் செய்ய எஃகு அச்சு வேண்டும். அதற்கு லட்சக்கணக்கில் செலவாகும். ஆயிரக்கணக்கில் பாகம் விற்றால்தான் போட்ட முதல் திரும்பும். ஐம்பது குமிழுக்காக எந்தக் கம்பெனியும் அச்சு வெட்டாது. ஆனால் வீட்டில் சிலிகான் ரப்பரில் அச்சு எடுத்தால் இருபது, முப்பது பாகம் வார்க்கலாம். உலகெங்கும் பழைய வண்டி பிரியர்கள் கையாளும் முறை இதுதான்.

முதலில் என்ன பிளாஸ்டிக் என்று பார்க்க வேண்டும்

உடைந்த துண்டைத் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். மிதந்தால் அது பாலிஎத்திலீன் அல்லது பாலிபுரோப்பிலீன். இவற்றில் எந்தப் பசையும் சரியாக ஒட்டாது. சூடு வைத்துத்தான் இணைக்க வேண்டும். மூழ்கினால் ஏ.பி.எஸ்., நைலான், அக்ரிலிக் போன்றவற்றில் ஒன்றாக இருக்கலாம். ஏ.பி.எஸ்., அக்ரிலிக் இரண்டும் தகுந்த பசைக்குப் பிடிக்கும். நைலான் வழுவழுப்பானது, தேய்மானம் தாங்குவது. நைலான் புஷ் போன தென்றால் வார்க்க முயல வேண்டாம். நைலான் தடியை வாங்கி லேத்தில் கடைந்து கொள்வதே மேல்.

அச்சு எடுக்கும் விதம்

மாதிரி பாகத்தை சோப்பு நீரில் கழுவி, உடைந்த இடத்தைப் புட்டி வைத்து நிரப்பி, உப்புத்தாள் போட்டுத் தேய்க்க வேண்டும். மாதிரியில் ஒரு கீறல் இருந்தால் வார்க்கும் ஒவ்வொரு பாகத்திலும் அந்தக் கீறல் வரும். வார்த்த பொருள் இறுகும்போது சற்றே சுருங்கும் என்பதால், அளவு முக்கியமான பாகத்துக்கு மாதிரியின் மேல் ஒன்றிரண்டு கோட்டிங் பெயின்ட் கூடுதலாக அடிப்பது வழக்கம்.

பிறகு பாகத்தைப் பாதி வரை களிமண்ணில் புதைத்து, சுற்றிலும் பலகையால் பெட்டி கட்ட வேண்டும். களிமண்ணில் அங்கங்கே சிறு குழி போட்டால், அச்சின் இரு பாதிகளும் பிறகு பிசகாமல் பொருந்தும். கந்தகம் கலந்த களிமண் சிலவகை சிலிகானை இறுக விடாது. வாங்கும்போதே கேட்டுக் கொள்வது நல்லது. சிலிகானை ஒரு மூலையிலிருந்து மெல்லிய நூல் போல ஊற்றினால் காற்றுக் குமிழி தங்காது. ஒரு நாள் விட்டு, திருப்பிப் போட்டு, களிமண்ணை எடுத்துவிட்டு, வாஸலின் தடவி, மறு பாதியை ஊற்ற வேண்டும். வாஸலின் தடவ மறந்தால் இரண்டு பாதியும் ஒன்றாகி, அச்சைக் கத்தியால்தான் பிளக்க வேண்டியிருக்கும்.

ரெசின் ஊற்ற ஒரு வழியும், காற்று வெளியேற ஒரு வழியும் வெட்டிக் கொண்டால் அச்சு தயார். பாலியூரித்தேன் ரெசினின் இரு பகுதிகளையும் டின்னில் கண்ட அளவுப்படி தராசில் நிறுத்துக் கலக்க வேண்டும். கண் அளவு உதவாது. அளவு தப்பினால் பாகம் நாள் கணக்கில் பிசுபிசுக்கும்.

மும்பை மழைக்காலத்தில் இன்னொரு தொல்லை உண்டு. ரெசினில் ஈரம் பட்டால் வாயு உண்டாகி, பாகம் ரொட்டி போல ஓட்டை ஓட்டையாக உப்பிவிடும். டின்னைத் திறந்த கையோடு மூட வேண்டும். அடைமழை நாளில் வேலையைத் தள்ளிப் போடுவது லாபம்.

விளக்கும் ஸ்டியரிங்கும்

பின் விளக்கு மூடிக்கு சிவப்பு அக்ரிலிக் தகட்டைச் சூளை அடுப்பில் சுமார் 150 டிகிரியில் இளக்கி, மர அச்சின் மேல் அழுத்தி எடுக்கலாம். ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. கம்பெனி மூடிகளில் பின்னால் வரும் வண்டியின் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும் சின்னச் சின்னப் பட்டைகள் இருப்பதுண்டு. வீட்டில் வளைத்த வழுவழுப்பான மூடிக்கு அந்தக் குணம் கிடையாது. ஆகவே சிவப்பு ரிப்ளெக்டரைத் தனியாகப் பொருத்தியே ஆக வேண்டும்.

ஸ்டியரிங் வளையத்தில் வெடிப்பு விட்டிருந்தால், உள்ளே இருக்கும் இரும்பு வளையம் கெடாமல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அது நன்றாயிருந்தால் வெடிப்பை அகலமாக்கி, எபாக்சி புட்டி அடைத்து, தேய்த்துப் பெயின்ட் அடிக்கலாம். இரும்பே துருவில் இற்றுப்போயிருந்தால் அந்த ஸ்டியரிங்கை மறந்துவிட வேண்டியதுதான்.

இப்போது 3டி பிரிண்டரும் வந்துவிட்டது. அதில் பெரும்பாலும் பயன்படும் பி.எல்.ஏ. என்ற பிளாஸ்டிக் 60 டிகிரி வெப்பத்திலேயே இளகிவிடும். வெயிலில் நிறுத்திய காருக்குள் டாஷ்போர்டு அந்தச் சூட்டைத் தொட்டுவிடும். எனவே பி.எல்.ஏ.யில் அச்சிட்டதை மாதிரியாக வைத்து சிலிகான் அச்சு எடுப்பதே புத்திசாலித்தனம்.

ஒற்றை அறைக்காரர்கள் கவனிக்க!

பத்துக்குப் பத்து அறையில் சமையலும் படுக்கையும் நடக்கும் வீட்டில் இந்த வேலை கூடாது. பாலியூரித்தேன் ரெசினின் ஆவி ஆஸ்துமாவைக் கொண்டுவரும். பாலியஸ்டர் ரெசினுக்கான ஹார்டனர் கண்ணில் ஒரு சொட்டுப் பட்டாலும் பார்வைக்கு ஆபத்து. அந்த ஹார்டனரையும், கோபால்ட் எனப்படும் ஆக்ஸிலரேட்டரையும் நேரடியாக ஒன்றோடொன்று கலந்தால் வெடிக்கும். அசிட்டோன் ஆவி அடுப்பு நெருப்பைத் தேடிப் போய்ப் பற்றிக் கொள்ளும்.

மொட்டை மாடியோ, திறந்த கொட்டகையோ இருந்தால்தான் இறங்க வேண்டும். முகத்தில் கைக்குட்டை கட்டினால் போதாது. ரசாயன ஆவியைத் தடுக்கும் முகமூடி, கண்ணாடி, கையுறை மூன்றும் வேண்டும். கலக்கிய பாத்திரம் மறுபடி சமையலறைக்குப் போகக் கூடாது. மீந்த ரெசினைச் சாக்கடையில் ஊற்றாமல், இறுகிய பின் குப்பையில் சேர்க்க வேண்டும்.

பிரேக், ஸ்டியரிங் இணைப்பு, பெட்ரோல் குழாய் ஆகியவற்றின் பாகங்களை எக்காரணம் கொண்டும் வீட்டில் செய்யக் கூடாது. குமிழ் உடைந்தால் கையில் வந்துவிடும், அவ்வளவுதான். பிரேக்கில் உள்ள பாகம் உடைந்தால் உயிர் போகும்.

ஐம்பது வயதான வண்டிக்கு மரியாதை

முதல் பதிவிலிருந்து 50 ஆண்டுகளைக் கடந்த, சொந்த உபயோகத்துக்கான வண்டிகளை 'விண்டேஜ்' வாகனமாகப் பதிவு செய்ய மத்திய அரசு 2021 ஜூலையில் விதி கொண்டுவந்தது. நம்பர் பலகையில் 'வி.ஏ.' என்ற எழுத்துகள் வரும். கட்டணம் 20 ஆயிரம் ரூபாய். பத்து ஆண்டு கழித்துப் புதுப்பிக்க 5 ஆயிரம். இந்த வண்டியை அன்றாடப் போக்குவரத்துக்கோ வாடகைக்கோ ஓட்டக் கூடாது. கண்காட்சிக்கும் பேரணிக்கும் கொண்டு போகலாம். முக்கியமான நிபந்தனை, வண்டி மூல வடிவத்தில் இருக்க வேண்டும் என்பது.

1974-ல் வந்த முதல் பத்மினிகளுக்கு 2024-ல் ஐம்பது வயது நிறைந்தது. இனி ஆண்டுதோறும் மேலும் பல பத்மினிகள் இந்தத் தகுதியை எட்டும். அசல் போன்ற குமிழும் மூடியும் தேடி வருபவர்களும் பெருகுவார்கள். ஆலை வேலை முடிந்து வீட்டில் இருக்கும் மோல்டிங் தொழிலாளிக்கு இது கைச்செலவுக்கு வழி செய்யும் தொழிலாக அமையலாம். ஆனால் முதல் பாகத்தைச் சொந்த வண்டியில் மாட்டி, ஒரு வெயில் காலமும் ஒரு மழைக் காலமும் தாங்குகிறதா என்று பார்த்த பிறகே அடுத்தவருக்கு விற்பது நாணயம்.

பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்குக் கடைசியாக ஒன்று. உடைந்த பாகத்தைக் குப்பையில் போடாதீர்கள். நாலு துண்டாகப் போயிருந்தாலும் சேர்த்துக் கட்டி வையுங்கள். நாளைக்கு அச்சு எடுக்க அதுதான் மாதிரி.